பங்களாவின் சாய்வுக் கட்டைகள்

போன லீவுக்கு ஏற்காடு போயிருந்தபோது நாகலூர் ரோட்டில் ஒரு பழைய பங்களாவில் டீ குடித்தோம் இல்லையா, அந்த வீட்டைப் பற்றித்தான், பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். வெள்ளைச் சுவர், அதில் நெட்டுக்கும் குறுக்குக்கும் கறுப்பு மரங்கள். வீட்டின் இரண்டு பக்கமும் வெளியிலிருந்து சாய்ந்த கட்டைகள் முட்டுக் கொடுத்து நிற்கும். 'வெள்ளைக்காரர் காலத்துப் பண்ணை வீடு, பழமை மாறாமல்' என்று வாசலில் பலகை. நீங்கள் மேற்குப் பக்கக் கட்டையில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். சின்னவள் கட்டையின் அடியில் கிடந்த கறுப்புக் கல்லின் மேல் செருப்புக் காலைத் தூக்கி வைத்தாள். நான் "காலை எடு" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுண்டிப் போய், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏன் கத்தினேன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வீட்டில்தான் நான் உங்கள் வயதில் குடியிருந்தேன். என் அப்பா அந்த எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு, காபி மூட்டைக் கணக்கு, பங்களாச் சாவி எல்லாம் அவரிடம். முதலாளி சேலத்தில் இருந்தார்; எப்போதாவது ஜீப்பில் வருவார். பங்களாவின் பின்பக்கத்து இரண்டு அறைகள் எங்களுக்கு. அப்பா, அம்மா, அக்கா, நான். முன்பக்கத்தைக் கூட்டித் துடைத்து வைப்பது அம்மாவின் வேலை, பாதி நாள் அக்காவின் வேலை.

வீட்டைக் கட்டியவன் ஒரு வெள்ளைக்கார எஸ்டேட்காரன். அவனுடைய ஊரில் அவன் அப்பன் இருந்த பண்ணை வீடு மாதிரியே தனக்கும் வேண்டும் என்று கட்டினானாம். மலையில் நின்ற வேங்கை மரங்களை வெட்டி, தரையில் கிடத்தியே அளவு பார்த்து, துளை போட்டு, எந்தத் தலை எந்தக் காலில் உட்கார வேண்டும் என்று ஜோடி ஜோடியாகக் கோடு கீறிவைத்து, பிறகு தூக்கி நிறுத்தியிருக்கிறான். ஆணி கிடையாது, கட்டைவிரல் தடிமனில் மர முளைகள்தான். மரங்களுக்கு நடுவே மூங்கில் பிளாச்சை அடைத்து, மண் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினான். தூணில் அந்தக் கீறல்களை நான் விரலால் தடவிக்கொண்டே நிற்பேன். விரலில் பழைய தார் வாசனை ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அது இரண்டே அறை, புல் கூரை. அடுத்து வந்தவன் செங்கல்லில் புகைபோக்கி எழுப்பினான். அதற்கடுத்தவன் புல்லை எடுத்துவிட்டு மங்களூர் ஓடு போட்டான். கூரையின் பாரம் கூடியது, மரங்கள் தாங்கின. இன்னொருவன் பின்பக்கத்து அறைகளைச் சேர்த்தான், முன்னால் தகரத் தாழ்வாரம் இறக்கினான். இப்படி வந்தவர்கள் எல்லாம் அந்த வீட்டில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எங்கள் முதலாளிதான் முதன்முதலாக ஒன்றை எடுத்தார்.

அது ஒரு ஆவணி மாதம். முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், பங்களாவை சீசனுக்கு வாடகைக்கு விட்டால் காபியைவிட லாபம் என்று. முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்து ஒரே ஹாலாக்க வேண்டும். பள்ளத்தாக்கைப் பார்த்த முன்சுவரில் பெரிய கண்ணாடி வைக்க வேண்டும். சேலத்திலிருந்து மேஸ்திரி ஒருவரை ஜீப்பிலேயே ஏற்றி வந்து இறக்கிவிட்டு, "ரைட்டர், நீங்க கூட நின்னு பாத்துக்குங்க. நீங்க சொன்னா நான் சொன்ன மாதிரி" என்றார். அப்பாவுக்குத் தோள் அகலமாகிவிட்டது.

மேஸ்திரி நல்ல மனிதர், வாய் ஓயாதவர். கடப்பாரையால் சுவரில் ஒரு குத்துக் குத்தினார். சுண்ணாம்பு பொத்துக்கொண்டு செம்மண் கொட்டியது.

"ஏனுங்க ரைட்டரே, வெள்ளக்காரனுக்குச் செங்கலு வாங்கக் காசில்லீங்களா? களிமண்ண அப்பி வெச்சிருக்கான். தொட்டா உதுருது பாருங்க, பொடிமாஸாட்டம்!"

அப்பாவும் சிரித்தார். அப்பா சேலத்துப் பக்கத்துச் சமவெளிக்காரர். அவருக்கு வீடு என்றால் சுவர். செங்கல் சுவர் நின்றால் கூரை நிற்கும். மரம் என்பது கதவுக்கும் கட்டிலுக்கும். அம்மா இதே மலையில் இருக்கும் தலைச்சோலைக்காரி. அவள் பிறந்த வீடு நட்ட கால்கள், மூங்கில் படல், மண் பூச்சு, புல் கூரை. சுவர் அங்கே வெறும் மறைப்புதான். அதனால் அம்மாவுக்குச் சுவர் போவதில் கவலையே இல்லை. அந்தச் சுவரின் நடுவில் நின்ற பெரிய தூண் மேல்தான் அவள் கண்.

"செவுரு போனாப் போவுதுங்க. அந்த நடுக்கால மட்டும் தொட்டீங்கன்னா, நா எம் பையன் புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்குப் போயிருவேன், ஆமா."

"மேஸ்திரி, கேட்டீங்களா? ஊட்டுக்காரம்மா உத்தரவு" என்றார் அப்பா.

"அம்மிணி சொன்னப்புறம் அப்பீல் ஏதுங்க? கால் நிக்கட்டும். இது என்ன பண்றது?"

மண் உதிர்ந்த இடத்தில், தூணிலிருந்து மேல் உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் சாய்வாகக் கட்டைகள் போயிருந்தன. முன்சுவரில் கண்ணாடி வரவேண்டிய இடத்திலும் அதே மாதிரி. மேஸ்திரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சாரம் கட்டுன கட்டையாட்டம் இருக்குது. வேலை முடிஞ்சதும் எடுக்க மறந்து உள்ளயே வெச்சுப் பூசிட்டான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பிறந்த வீட்டில் சாய்ந்த கட்டை கிடையாது. கால் நேராகத்தான் நிற்கும். முடிச்சுக் கயிறும் கொடியும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

"அது சும்மாதான சாஞ்சு கெடக்குது? எடுத்துக்கங்க. எனக்கு அடுப்புக்கு ஆகும்" என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். அறுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு தீப்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தட்டை உருவிவிட்டு, மேல்கூட்டை நிமிர்த்தி வைத்து, பக்கவாட்டில் விரலால் தள்ளுங்கள். படுத்துக்கொள்ளும். அதற்குள் மூலைக்கு மூலை ஒரு குச்சியைச் சாய்வாகச் செருகித் தள்ளுங்கள். அசையாது. பெரியவனாகி லாரி பாடி கட்டும் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சாய்வுச் சட்டம் இல்லாமல் விட்டால் வண்டி முதல் வளைவிலேயே கோணிக்கொள்ளும். அந்த ஆவணியில் எங்கள் வீட்டில் இதை அறிந்தவர் யாருமில்லை. சுவரை நம்பியவர் சுவரைப் பார்த்தார், காலை நம்பியவள் காலைப் பார்த்தாள்.

வேங்கைக் கட்டை பிரமாதமாக எரிந்தது. நனைந்தால் சிவப்பாகச் சாயம் விடும். அடுப்பில் வைத்தால் கங்கு சாயங்காலம்வரை கிடக்கும். "வெள்ளக்காரன் கட்டையில வெந்த சோறு, மெல்லத் தின்னு சாமி" என்று அம்மா என்னைக் கிண்டல் செய்வாள். வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தோம்.

புரட்டாசி முடிய மழை பிடித்தது. முதலில் வம்பு செய்தது முன்கதவு. மேல் மூலை நிலையில் இடித்து நின்றுவிடும். அக்கா இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி, "ஏங் கதவே, எம் மேல என்ன கோவம்?" என்பாள். பிறகு பின்கதவு. அப்பா ஒரே பதில்தான் சொன்னார்: "மழைக்கு மரம் ஊதும் கண்ணு. வெயில் வந்தா சரியாப் போயிரும்." உளி எடுத்துக் கதவின் தலையைச் சீவுவார். நாலு நாள் நன்றாக இருக்கும். மறுபடி இடிக்கும். மறுபடி சீவுவார்.

எங்கள் அறையில் ஒரு தூணுக்கும் பக்கத்து மண்சுவருக்கும் நடுவே ஒரு வெடிப்பு இருந்தது. அதில்தான் நான் என் பச்சைக் கோலிக்குண்டை ஒளித்து வைப்பேன். ஒருநாள் விரலை விட்டால் போகவில்லை. வெடிப்பின் அடிப்பக்கம் இறுகியிருந்தது. மேல்பக்கம் உள்ளங்கையே போகிற அளவுக்கு வாயைத் திறந்திருந்தது. கோலி அடியில் மாட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையாக மினுங்கும், எடுக்க முடியாது. "அப்பா, செவுரு என்ற குண்டக் கடிச்சுக்கிச்சு" என்றேன். "போயிப் படி" என்றார்.

பிறகு கடிகாரம். நடுத்தூணில் ஒரு பெரிய பெண்டுலக் கடிகாரம் தொங்கியது. முதலாளி வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அது நின்றுவிட்டது. சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் டிக்டிக் என்று நொண்டிவிட்டு நின்றுவிடும். அப்பா அதைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற்காடு பஜாருக்குப் போனார். நானும் போனேன். கடிகாரக் கடைக்காரர் சுவரில் மாட்டி ஓடவிட்டார். ஓடியது.

"ஒண்ணுமில்லீங்க, ராசாவாட்டம் ஓடுது. எடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து தூணில் மாட்டினார். நின்றது. மறுபடி பஜார். மறுபடி ஓடியது. கடைக்காரர் சிரித்தார். "உங்க ஊட்டுக்கு வந்தா மட்டும் சண்டித்தனம் பண்ணுதுங்களா? ஊட்டு மேல ஏதோ கோவம்போல."

அன்று மாலை அப்பா ஸ்டூல் மேல் ஏறி, கடிகாரத்தை மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினார். ஒரு இடத்தில் டிக்டிக் சீராக விழுந்தது. அட்டையை மடித்து அடியில் செருகினார். கடிகாரம் ஓடியது, ஆனால் தூணோடு ஒட்டி நேராக இருந்த பெட்டி இப்போது தூணுக்குக் கோணலாக இருந்தது. அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை. கடிகாரத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரியாப் போச்சுங்களா?" என்று அம்மா கேட்டதற்கு "ம்" என்றார்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்த "ம்" எதற்கென்று புரிகிறது. கடிகாரம் நேராகவும் தூண் சாய்வாகவும் இருக்கிறது என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. சொன்னால் 'நீ கூட நின்று அறுத்தாயே' என்று முதலாளி கேட்பார். வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் அறையும் போகும். சொல்லாவிட்டால் வீடே சாயும். இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு அவர் அந்த ஐப்பசியைத் தள்ளினார். ஒரு இடத்தில் உட்கார மாட்டார். சாப்பிடும்போதே எழுந்து போய் வெளியிலிருந்து கூரையைப் பார்ப்பார். ஓடு ஒன்று சறுக்கி விழுந்தால் எங்களுக்கு முன்னால் அவர் ஓடுவார். அவரைப் பார்த்து எங்களுக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. அம்மா குழம்பு தாளிக்கும்போது கையை நிறுத்திக் காது கொடுப்பாள். அக்கா பாதிக் கோலத்தில் எழுந்துவிடுவாள். நான் இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைச் சாத்திப் பார்க்கிறேன் என்று உங்கள் அம்மா கேலி செய்வாள் அல்லவா, அது அங்கே வந்த பழக்கம்.

காற்றும் மழையும் சேர்ந்து கிழக்கிலிருந்து அடித்த நாள் ஒன்று. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் இல்லை. போன் கம்பியும் அறுந்துவிட்டது. ஓடு நகர்ந்த இடத்தில் ஹாலுக்குள் தண்ணீர் சொட்டியது. அக்கா அண்டாவும் குடமுமாக உள்ளே போய்ச் சொட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம். அம்மாவும் நானும் வெளியே, பின்பக்கச் சமையல் கொட்டகையில் இருந்தோம். திடீரென்று வீடு பெரிய ஆள் சோம்பல் முறிப்பது போல் ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். பின்கதவைத் திறக்கப் போன அம்மாவால் அசைக்க முடியவில்லை. முன்பக்கம் ஓடினோம். முன்கதவும் நிலைக்குள் கடித்துக்கொண்டு நின்றது.

புதுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றாள். முதலில் சிரித்தாள். "இந்தக் கதவு என்னையக் கட்டிக் குடுக்காம இங்கியே வெச்சுக்குமாட்ட இருக்குது" என்று கத்தினாள். மேலிருந்து மண் ஒரு கூடை அவள் காலடியில் விழுந்தது. சிரிப்பு நின்றது. "அம்மா" என்றாள், மெதுவாக.

அப்பா எஸ்டேட் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தார், கையில் கொடுவாள். கண்ணாடி முன்னால் வந்து ஒரு மூச்சு நின்றார். சேலத்திலிருந்து வைக்கோல் சுற்றி, ஜீப்பில் இரண்டு ஆள் பிடித்துக்கொண்டு வந்த கண்ணாடி அது. அம்மா கத்தினாள்:

"என்னங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்க? கண்ணாடியா நீங்க பெத்த புள்ள?"

கொடுவாளின் பின்பக்கத்தால் அடித்தார். சாக்கைப் போட்டு, அதன் மேல் அக்காவை இழுத்து வெளியே எடுத்தார். அவள் முழங்காலில் அந்தத் தழும்பை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். விழுந்து வந்தது என்று சொல்வாள்.

அதோடு விட்டிருக்கலாம். நாங்கள் நாலு பேரும் வெளியே இருந்தோம். வீடு விழுந்தால் மழை மேல் பழி, காற்றின் மேல் பழி. அப்பாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லைன் வீடுகளிலிருந்து ஓடி வந்த எஸ்டேட் ஆட்கள்கூட அதைத்தான் சொன்னார்கள்: "வுடுங்க ரைட்டரே, விழுந்தா மழையில விழுந்ததா இருக்கட்டும்."

அப்பா வீட்டைப் பார்த்தார். மேற்குப் பக்கமாக, கண்ணுக்கே தெரிகிற சாய்வு. பிறகு காபிச் செடிகளுக்கு நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மிளகுக் கொடி ஏறிக் காய் பிடித்திருந்தது. முதலாளி உத்தரவு இல்லாமல் ஒரு கிளை வெட்டக் கூடாது என்று ஆட்களைத் திட்டுகிறவரே அவர்தான்.

"நாஞ் சரின்னு தலையாட்டித்தான அறுத்தாங்க. வெட்டுங்கடா" என்றார்.

மிளகுக் கொடியோடு மரங்கள் சாய்ந்தன. கிளை கழித்து, நாலைந்து பேராகத் தோள் கொடுத்துத் தூக்கி, மேற்குப் பக்கத்துத் தூணின் தலைக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அடி நிற்கவில்லை. ஐப்பசிச் சேறு. கட்டை பாரம் வாங்க வாங்க அடி வழுக்கிக்கொண்டே போனது. கல் வைத்தார்கள், கல்லும் சேற்றில் அமுங்கியது. வீடு மறுபடி முனகியது.

அப்போது அம்மா பின்பக்கத்திலிருந்து வந்தாள். தலையில் சாக்கைக் கொங்காடையாக மடித்துப் போட்டிருந்தாள். குனிந்து, எதையோ சேற்றில் உருட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் வந்தாள். அவளுடைய அம்மிக்கல். கல்யாணத்துக்குத் தலைச்சோலையிலிருந்து ஆள் தலையில் வந்தது. அதன் மேல் காலையில் அரைத்த மிளகாய் இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது.

"இத வைங்க" என்றாள்.

"ஏம்புள்ள, அம்மியவா?"

"அகலமா இருக்குதுங்க, அமுங்காது. நடுவுல குழி இருக்குது, கட்ட வழுக்காது. வைங்கன்னா வைங்க."

அரைத்து அரைத்துத் தேய்ந்த அந்தக் குழியில் கட்டையின் அடி போய் உட்கார்ந்தது. மழை கல்லில் இருந்த மிளகாயைக் கழுவியது. கட்டை ஒரு விரல் அளவு இறங்கி, நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நின்றே விட்டது.

பாதை திறந்ததும் முதலாளி வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், முட்டுக் கட்டைகளைப் பார்த்தார், கடைசியாகத் தோட்டத்தில் வெட்டிய அடிமரங்களைப் பார்த்தார்.

"மரத்த வெட்டச் சொன்னது யாரு ரைட்டர்?"

"நாந்தானுங்க."

"மொளகோடயா?"

"ஆமாங்க. ஊடு சாஞ்சிருச்சுங்க."

"ஊடு எதனால சாஞ்சுது?"

மழையால் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்பா, "உள்ளார சாஞ்சிருந்த கட்டைங்கள அறுத்ததாலங்க. அறுக்கச் சொன்னதும் நாந்தானுங்க" என்றார்.

தை பிறப்பதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். நாகலூரில் ஒரு ஓட்டு வீடு. அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். மறுபடி யாரும் அவரை ரைட்டர் என்று கூப்பிடவில்லை. அம்மா பக்கத்து வீட்டு அம்மியில் போய் அரைத்தாள். "போயி நம்ம கல்லக் கேட்டு எடுத்துட்டு வந்துரலாமுங்களா?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். அம்மா சிரித்தாள். "அது அங்க ஒரு ஊட்டையே தாங்கிக்கிட்டு நிக்குது. இங்க வந்து சட்னி அரைக்கவா?"

அடுத்த சீசனில் வந்த வெளியூர்க்காரர்கள் அந்த முட்டுக் கட்டைகளைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்களாம். முதலாளி அவற்றுக்குக் கறுப்புச் சாயம் அடித்தார். பிறகு வந்தவர் கிழக்குப் பக்கமும் அதே மாதிரி வைத்தார். அவை எதையும் தாங்கவில்லை, பார்வைக்கு நிற்கின்றன. சில்வர் ஓக் அத்தனை வருஷம் வராது. மேற்குக் கட்டைகளையும் மாற்றியிருக்கிறார்கள், ஒன்று இரும்புக் குழாய். அன்றைக்கு நான் தட்டிப் பார்த்தேன், டங் என்றது. கட்டை மாறினாலும் அடிக்கல்லை யாரும் அசைக்கத் துணியவில்லை. கறுப்புச் சாயம் அம்மி மேலும் வழிந்து, பார்ப்பவர்களுக்கு அது வெறும் கல். பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கிறவர்கள் அதையும் வெள்ளைக்காரன் வைத்தது என்றுதான் நினைப்பார்கள்.

அதன் மேல்தான் சின்னவளே, நீ காலை வைத்தாய்.

யோசித்துப் பார்த்தால் நான் கத்தியிருக்க வேண்டாம். கல்யாணப் பெண் அம்மி மேல் காலை வைப்பது நம் வழக்கம்தான். என் அம்மாவும் அந்த அம்மி மேல் கால் வைத்தவள்தான். அடுத்த முறை போகும்போது நீயும் வை. செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வை. நான் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறேன். எடுத்து முடித்துவிட்டு உள்ளே போய் அந்த முன்கதவை ஒருமுறை சாத்திப் பார்க்கிறேன். நீங்கள் சிரிக்கக் கூடாது.